அரசு மறுப்பாளர்

ராஜாவைத் துரத்திவிட்ட நாடு ஒன்று இருந்தது. பாதி நிலமும் பாதி உப்பங்கழியுமாகக் கிடந்த அந்த நாட்டுக்குக் கழிநாடு என்று பெயர். அதன் கடைசி ராஜா, தன் பட்டத்து யானைக்குக் காய்ச்சல் வந்த வருத்தத்தில், நாட்டில் யாரும் சிரிக்கக் கூடாது என்று ஆணை போட்டார். மக்கள் அவரை மரியாதையாகப் படகில் ஏற்றி, துடுப்பையும் கையில் கொடுத்து, கடல் இருக்கும் திசையைக் காட்டினார்கள்.

பிறகு பெரியவர்கள் கூடி, இனி நாட்டை எப்படி நடத்துவது என்று ஆலோசித்தார்கள். அவர்களில் பலர் ராஜாவின் சிறையிலிருந்து நேராக வந்தவர்கள். அதனால் நீட்டி எழுதப் பொறுமை இருக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்று முடிவு செய்தார்கள். பேரவை வாசலில் ஒரு கல்லை நட்டு, “மறுத்து ஒரு குரலாவது அவையில் கேட்காமல் எந்தச் சட்டமும் செல்லாது” என்று வெட்டிவைத்தார்கள். எல்லாரும் தலையாட்டுகிற இடத்தில் யாரோ ஒருவர் பயந்துபோயிருக்கிறார் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

அந்தக் கல் நெடுங்காலம் நின்றது. மழை பெய்தால் அதன் மேல் காக்கைகள் உட்கார்ந்தன. மக்கள் அதைக் கடந்து போனார்களே தவிர யாரும் படிக்கவில்லை.

இந்தக் கதை நடந்த காலத்தில் கழிநாட்டை ஆண்டவர் திருவுடையார். அவருக்கு முதற்காவலர் என்பது பட்டம். அவருடைய நன்மைக் கட்சியினர் கத்தரிப்பூ நிறத் துண்டு போட்டிருப்பார்கள். எதிர்க்கட்சியிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் பதவிக்காக அந்தப் பக்கம் போனார்கள். சிலர், விசாரணை அதிகாரிகள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போன மறுநாள் போனார்கள். சிலர் தொகுதியின் நலனுக்காகப் போனார்கள். தொகுதிக்கு அது தெரியாது. கடைசியாக மிஞ்சிய முதியவர் ஒருவர், அந்த வரிசையில் தனியாக உட்காரப் பயமாக இருக்கிறது என்று சொல்லிக் கத்தரிப்பூத் துண்டு வாங்கிக்கொண்டார்.

ஆளும் கட்சியினர் பட்டாசு வெடித்தார்கள். மறுநாள் காலையில் சட்டச் செயலர் வித்தகநாதர் பேரவை வாசலில் நின்று கல்லைப் படித்தார். படித்துவிட்டு முதற்காவலரிடம் ஓடினார்.

“ஐயா, அவையில் மறுப்பதற்கு ஆள் இல்லை.”

“நல்லதுதானே?”

“மறுப்புக் குரல் கேட்காவிட்டால் சட்டம் செல்லாது, ஐயா. கல்லில் இருக்கிறது.”

“கல்லை எடுத்துவிடுங்கள்.”

“அந்தக் கல்லைப் பார்த்துத்தான் அயல்நாட்டார் நம்மை மக்களாட்சி நாடு என்கிறார்கள். கப்பல் அனுப்புவதும் அதை நம்பித்தான்.”

முதற்காவலர் யோசித்தார். அவருக்கு யோசிப்பது பிடிக்காது என்பதால் சீக்கிரமே முடித்துக்கொண்டார்.

“அப்படியானால் மறுப்பதற்கு ஒருவரை வேலைக்கு வையுங்கள்.”

“உறுப்பினர் அல்லாதவரையா?”

“கல்லில் உறுப்பினரின் குரல் என்றா இருக்கிறது?”

வித்தகநாதர் மறுபடியும் போய்ப் படித்துவிட்டு வந்தார். குரல் என்றுதான் இருந்தது.

இப்படித்தான் ‘அரசு மறுப்பாளர்’ என்ற பதவி உண்டாயிற்று. எதிர்ப்புக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே நாடு எங்கள் நாடு என்று அரசு பெருமைப்பட்டுக்கொண்டது. அது உண்மையாகவும் இருந்தது.

படகுத்துறையில் மாசிலாமணி என்று ஒருவர் இருந்தார். எந்தப் படகு எந்த ஊருக்கு என்று கூவி ஆள் ஏற்றுவது அவர் வேலை. அவர் இக்கரையில் கூவினால் அக்கரையில் துணி அலசுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். முதற்காவலரின் மைத்துனர் படகுத்துறையை எடுத்துக்கொண்டபோது ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டு மாசிலாமணியை வீட்டுக்கு அனுப்பினார். அது முதல் அவர் மனைவி அஞ்சுகம் மீன் விற்றுக் கொண்டுவருவதில்தான் குடும்பம் நடந்தது. நேர்காணல் செய்தி கேட்டதும் அஞ்சுகமே அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள்.

“எதையாவது மறுத்த முன்அனுபவம் உமக்கு உண்டா?” என்று கேட்டார் வித்தகநாதர்.

“இல்லீங்க.”

தேர்வுக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். சொல் சுத்தமாக வந்தது.

“அரசின் மேல் குறை ஏதும் உண்டா?”

“குறை உண்டுன்னு சொன்னா வேலை கிடைக்குங்களா?”

“கிடைக்காது.”

“அப்ப இல்லீங்க.”

மாசிலாமணிக்கு வேலை கிடைத்தது. வேலை இன்னதென்று வித்தகநாதர் விளக்கினார். அவைத்தலைவர் சட்டத்தைப் படித்துவிட்டு, “ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க” என்பார். உறுப்பினர்கள் எல்லாரும் மேசையைத் தட்டி ‘ஆம்’ என்பார்கள். அதன் பிறகு மாசிலாமணி எழுந்து ‘இல்லை’ என்று ஒரு முறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

“ஏன் இல்லைன்னு கேட்டா என்னங்க சொல்லணும்?”

“யாரும் கேட்க மாட்டார்கள். நீரும் சொல்லக் கூடாது. காரணம் சொன்னால் அது விவாதம் ஆகிவிடும்.”

முதல் நாள் அவையில் அவர் சொன்ன ‘இல்லை’யில் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. உறுப்பினர்கள் மகிழ்ந்தார்கள். முதற்காவலர் புன்னகைத்தார். அயல்நாட்டுத் தூதர் ஒருவர், இவ்வளவு துணிச்சலான எதிர்க்கட்சியைத் தம் நாட்டில் பார்த்ததில்லை என்றார். தெருவில் மாசிலாமணிக்கு மரியாதை கூடியது. “எதிர்க்கட்சி அண்ணே” என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

“இன்னிக்கு எதை வேணாம்னு சொன்ன?” என்று கேட்டாள் அஞ்சுகம், செதில் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டே.

“பேப்பருங்க எல்லாத்துக்கும் ஒரே செய்தி போதும்னு ஒரு சட்டம். ஆளுக்கொண்ணு எழுதுனா ஜனங்களுக்குக் குழப்பமாம்.”

“நீ வேணாம்னுட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“அப்ப வராதா?”

“வந்துருச்சு.”

 அஞ்சுகம் குழம்பைக் கூட்டப் போய்விட்டாள். நெடுநாள் கழித்து வீட்டில் அரிசிப் பானை நிறைந்திருந்தது. நிறைந்த பானைக்கு எதிரில் கேள்வி கேட்பது எந்த நாட்டிலும் கஷ்டம்தான்.

அடுத்து வந்தது பேரத் தடைச் சட்டம். சந்தையில் ஒருவர், “ஏன் இந்த விலை?” என்று கேட்பது அரசின் பொருளாதாரக் கொள்கையின் மேல் சந்தேகம் தெரிவிப்பதாகும் என்று வணிக அமைச்சர் அவையில் கண் கலங்கினார். ‘ஆம்’ என்று மேசைகள் அதிர்ந்தன. மாசிலாமணி ‘இல்லை’ என்றார். சட்டம் நிறைவேறியது. அதன் பிறகு மீன் சந்தையில் சத்தமே இருக்கவில்லை. வாங்க வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு மீனைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அஞ்சுகத்தின் கூடையில் பாதி மீன் கருவாடாயிற்று.

நீதிபதிகள் சுமை குறைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்ட நாளில் மாசிலாமணிக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒவ்வொரு வழக்கையும் நீதிபதிகளே ஆராய்ந்து தீர்ப்பெழுதி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றும், இனி வழக்கோடு தீர்ப்பையும் சேர்த்தே அரசு அனுப்பிவைக்கும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. மேசைகள் தட்டப்பட்டன. மாசிலாமணி எழுந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அவையில் அப்படியொரு கலவரம் அதற்கு முன் நடந்ததில்லை.

“தலையை ஆட்டினால் போதாதா?” என்றார் ஓர் அமைச்சர்.

“குரல் கேட்க வேண்டும் என்று கல்லில் இருக்கிறது” என்றார் வித்தகநாதர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

அரசு மருத்துவர் வந்தார். மிளகுப் பால் வந்தது, அதிமதுரம் வந்தது. சுக்குக் கஷாயத்தை நிதியமைச்சர் தம் கையாலேயே ஆற்றிக் கொடுத்தார். முதற்காவலர் எழுந்து வந்து மாசிலாமணியின் முதுகைத் தடவினார். சாயங்காலம் வரை அத்தனை பெரிய மனிதர்களும் ஒரு படகுத்துறை ஆளின் தொண்டையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு தவளை இருமியதைப் போல ‘இல்லை’ வந்தது. எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். மாசிலாமணிக்கு அன்று அது வேடிக்கையாக மட்டுமே இருந்தது.

பிறகு வாக்காளர் நலச் சட்டம் வந்தது. தேர்தல் நாளில் மக்கள் வெயிலில் வரிசையில் நிற்பதைக் காண முதற்காவலருக்கு மனம் பொறுக்கவில்லை. எனவே விரும்புகிறவர்கள் தங்கள் வாக்கை நன்மைக் கட்சி அலுவலகத்தில் நிரந்தரமாக ஒப்படைத்துவிட்டு, ஒரு குடையைப் பெற்றுக்கொள்ளலாம். வரிசையில் நிற்கும் துன்பத்திலிருந்து விடுபட மக்கள் விடிவதற்கு முன்பே வந்து, கழிமுகம் வரை வரிசையில் நின்றார்கள். குடை நல்ல குடைதான். முதல் மழைக்குத் தாங்கியது.

எல்லாரும் கொடுத்துவிடவில்லை. மீன் சந்தையிலும் படகுத்துறையிலும் உப்பளத்திலும் பலர் வாக்கைக் கையிலேயே வைத்திருந்தார்கள். தை மாதம் தேர்தல் வரவிருந்தது. அந்த இடங்களில் பேச்சு சரியில்லை என்று ஒற்றர்கள் முதற்காவலருக்குச் சொன்னார்கள். உண்மையில் அந்த இடங்களில் பேச்சே இல்லை. அதைத்தான் அவர்கள் சரியில்லை என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சிங்காரம் பிடிபட்டான். அவன் வலை பின்னுகிறவன். மாசிலாமணிக்குப் பக்கத்து வீடு. நூல் வாங்கப் போன இடத்தில், “போன வாரம் இதுல பாதிதானே?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான். பேரத் தடைச் சட்டத்தில் அவனைப் பிடித்தார்கள். நீதிபதி உறையைப் பிரித்துத் தீர்ப்பைப் படித்தார். வாசித்து முடிக்கும்வரை அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. சிங்காரத்தை உப்புத்தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று சாயங்காலம் சிங்காரத்தின் மனைவி பவளம் வந்து மாசிலாமணியின் வாசற்படிக்குக் கீழே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“அண்ணே, விலை கேக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தப்போ நீங்க அங்கதானே இருந்தீங்க?”

“இருந்தேன்மா.”

“வேணாம்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்மா. நல்லா சத்தமாத்தான் சொன்னேன்.”

“தீர்ப்ப அரசாங்கமே எழுதும்னு வந்ததே, அப்போ?”

“அப்பவும் சொன்னேன்.”

“அப்புறம் எப்படிண்ணே வந்துச்சு?”

மாசிலாமணி வாயைத் திறந்தார். சளி எதுவும் இல்லாமலே அன்றும் காற்றுதான் வந்தது. பவளம் அவரைத் திட்டவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். வராது என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

அன்று அவர் சாப்பிடவில்லை. அஞ்சுகம் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு என்ன சட்டம்?”

“தேர்தல் அலைச்சல் ஒழிப்புச் சட்டம். இனிமே தேர்தலே கிடையாது. எல்லாரும் அவருக்கே போட்டதா எடுத்துக்குவாங்களாம்.”

“நீ என்ன பண்ணப் போற?”

“என்ன பண்றது? வழக்கம்போல வேணாம்னு சொல்லுவேன். என்னால அதுதானே முடியும்.”

“ஏய்யா, நீ வேணாம்னு கத்துனா சட்டம் வருது. தொண்ட கட்டிச் சும்மா நின்னப்போ அத்தன பேரும் கஷாயம் காச்சிக்கிட்டு ஓடியாந்தானுங்க. அப்ப எதுய்யா வேணாம்னு சொல்றது?”



“வேலை போயிடும் அஞ்சுகம்.”

“போவும்.”

“வேலையோட விட மாட்டானுங்க.”

“இந்தப் பானைக்கு முன்னாடியும் நாம சாப்டுக்கிட்டுதான் இருந்தோம்” என்றாள். குரல் உறுதியாகத்தான் இருந்தது. கை மட்டும் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பேரவையின் பார்வையாளர் மாடம் நிறைந்திருந்தது. வரலாற்றுச் சிறப்புமிக்க நாள் என்பதால் கைதட்டுவதற்கு மக்களைப் படகுகளில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் விருந்து என்று அறிவிப்பு. பின்கட்டிலிருந்து நெய்ச்சோற்று வாசனை வந்துகொண்டிருந்தது. அஞ்சுகமும் பவளமும் ஓர் ஓரத்தில் நின்றார்கள்.

அவைத்தலைவர் சட்டத்தைப் படித்தார். மேசைகள் அதிர்ந்தன. “மறுப்போர் ‘இல்லை’ என்க” என்று முடித்துவிட்டு, வழக்கம்போல முத்திரையைக் கையில் எடுத்தார்.

மாசிலாமணி எழுந்து நின்றார். பேசவில்லை.

“மறுப்பாளரே, உம் மறுப்பைத் தெரிவியும்.”

“எனக்குச் சம்மதங்க.”

மாடத்தில் யாரோ இருமியது தெளிவாகக் கேட்டது.

“உமக்குச் சம்மதமாக இருக்க முடியாது” என்றார் அவைத்தலைவர். “நீர் எதிர்க்க வேண்டும் என்பது உத்தரவு.”

“அந்த உத்தரவை வேணும்னா எதிர்க்கிறேங்க. சட்டத்துக்குச் சம்மதம்.”

வித்தகநாதர் கெட்டிக்காரர். மாசிலாமணி வாயிலிருந்து அந்த ஒரு சொல் எப்படி வந்தாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று அவருக்கு உடனே பட்டது. அருகில் வந்து அன்பாகக் கேட்டார்.

“உமக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?”

“நல்லா இருக்கேங்க.”

“வீட்டில் ஏதாவது தொல்லையா, இல்லையா?”

“எல்லாரும் சுகங்க.”

“இந்த வேலை வேண்டுமா, இல்லையா?”

மாசிலாமணியின் நாக்கு நுனி வரை அது வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். “நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரிங்க.”

வித்தகநாதரின் அன்பு தீர்ந்துபோயிற்று. “அடே, உனக்குப் பயம் இல்லையா?”

“இருக்குதுங்க” என்றார் மாசிலாமணி. “ரொம்ப இருக்குதுங்க.”

முதற்காவலர் எழுந்தார். அவர் எழுந்ததும் அத்தனை உறுப்பினர்களும் எழுந்தார்கள். “ஒரு சொல்லுக்கா இவ்வளவு பாடு?” என்று சொல்லி, முன்வரிசையில் நின்ற மீன்வள அமைச்சரைக் கை காட்டினார். “நீர் சொல்லும், ‘இல்லை’ என்று.”

மீன்வள அமைச்சர் வெளிறிப்போனார். போன மாதம் தான் தூக்கத்தில் சொன்ன ஏதோ ஒன்று தலைவர் காதுக்குப் போய், இப்போது சோதிக்கிறார் என்று நினைத்துவிட்டார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “தங்கள் சட்டத்துக்கா ஐயா? என் நாக்கு அழுகிவிடும்!”

“நானே சொல்லச் சொல்கிறேன்.”

“தாங்கள் சொன்னாலும் தங்களை எதிர்த்துச் சொல்ல மாட்டேன் ஐயா!”

அடுத்தவரைக் கை காட்டுவதற்குள் அவரும் விழுந்தார். பிறகு கை காட்டக் காத்திராமல் வரிசை வரிசையாக விழுந்தார்கள். பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த விசுவாசம் தரையெல்லாம் குப்புறக் கிடந்தது. அதில் ஒரு ‘இல்லை’ கூடத் தேறவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் இருவர்தான்: முதற்காவலரும் மாசிலாமணியும்.

குப்புற விழுந்து கிடந்த வித்தகநாதர் தலையை மட்டும் தூக்கி மாடத்தைப் பார்த்தார்.

“குடிமக்களே, கல்லில் குரல் என்றுதான் இருக்கிறது. உங்களில் யாராவது ஒருவர் ‘இல்லை’ என்று சொல்லுங்கள். சொல்பவருக்கு அரசு வேலை.”

யாரும் சொல்லவில்லை. இத்தனை காலம் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் எங்கே போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வித்தகநாதரின் கண் பவளத்தின் மேல் விழுந்தது. உளவுத்துறையின் உதவியால் அவருக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது.

“நீ வலைக்கார சிங்காரத்தின் மனைவிதானே? உன் புருஷன் வீட்டுக்கு வர வேண்டாமா?”

“வரணும்” என்றாள் பவளம்.

“இன்று மாலையே படகு ஏற்றிவிடுகிறேன். ஒரு சொல். உனக்கு இந்தச் சட்டம் பிடிக்கவும் இல்லை. மனத்தில் இருப்பதைத்தானே சொல்லப்போகிறாய்?”

அவர் சொன்னது உண்மைதான். அந்த அவையிலேயே அந்தச் சொல்லை முழு மனத்தோடு சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். பவளம் கீழே மாசிலாமணியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல் என்றும் சொல்லாதே என்றும் சொல்ல அவருக்கு என்ன உரிமை? அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள். கண்ணீர் வழிந்து முந்தானையை நனைத்தது. அஞ்சுகம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நேரம் போயிற்று. சத்தம் வரவில்லை.

அவைத்தலைவர் மெல்ல முத்திரையைக் கீழே வைத்தார். சட்டம் செல்லாது என்று அறிவிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

மாடத்தின் மூன்றாம் வரிசையில் ஆளவந்தார் என்றொருவர் உட்கார்ந்திருந்தார். தென்கரையில் தென்னந்தோப்பும் மாடி வீடும் உள்ளவர். யாரிடமும் பயமில்லை, யாரிடமும் ஒன்றும் எதிர்பார்க்கவும் இல்லை. நமக்கு எதற்கு வம்பு என்று வாழ்ந்து நல்ல உடம்போடு இருந்தவர். அவருக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

“என்னய்யா இது, சோறு ஆறிப்போவுது” என்றார் பக்கத்திலிருந்தவரிடம். பிறகு எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கீழே பார்த்துச் சொன்னார்: “இல்லை. போதுமா? முத்திரையக் குத்திட்டு எலையப் போடச் சொல்லுங்க.”

முத்திரை விழுந்த சத்தம் கைதட்டலில் கேட்கவில்லை. தரையில் கிடந்தவர்கள் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார்கள். நெய்ச்சோறு நன்றாகவே இருந்தது என்று போனவர்கள் சொன்னார்கள்.

மாசிலாமணியை அங்கேயே கைது செய்தார்கள். அரசை எதிர்க்க மறுத்ததன் மூலம் அரசை எதிர்த்தது அவர் செய்த குற்றம். உறையில் வந்த தீர்ப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது. உப்புத்தீவில் சிங்காரத்துக்குப் பக்கத்துக் கொட்டடி கிடைத்தது. சிங்காரம் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, “நீங்களுமா அண்ணே?” என்றான்.

தை மாதம் வந்தது. தேர்தல் நாளாக இருந்திருக்க வேண்டிய நாளை விடுமுறையாக அறிவித்தார்கள். மக்கள் தூங்கி எழுந்தார்கள்.

வாக்குக் கொடுத்தபடி ஆளவந்தாருக்கே மறுப்பாளர் பதவி வந்தது. அவர் கேட்கவில்லை, ஆனாலும் நாற்காலி மெத்தென்று இருந்தது. காலையில் ஒரு ‘இல்லை’, மதியம் ஒரு ‘இல்லை’, நடுவில் வடை. சட்டங்களை அவர் காது கொடுத்துக் கேட்பதில்லை. படகுக்குள் பேசக் கூடாது என்று ஒன்று வந்தது. இறந்தவர்களும் அரசுக்குத் திருப்தி தெரிவிக்கும் வசதி ஒன்று வந்தது. அவர் எழுந்தார், சொன்னார், உட்கார்ந்தார்.

ஒரு நாள் முதற்காவலருக்குச் சிலை வைக்கும் சட்டத்தை அவைத்தலைவர் படித்துக்கொண்டிருந்தார். கடலிலிருந்து பார்த்தாலும் தெரியும் சிலை. அதற்குத் தென்கரையே பொருத்தமான இடம். அங்குள்ள தோப்பும், தோப்பிலிருக்கும் மாடி வீடும் அகற்றப்படும். வடையைக் கடித்துக்கொண்டிருந்த ஆளவந்தாருக்கு அந்த வரி எங்கோ தெரிந்த இடத்தைப் பற்றியதாகப் பட்டது. பிறகு அது எந்த இடம் என்று உறைத்தது.

மேசைகள் அதிர்ந்தன. “மறுப்போர் ‘இல்லை’ என்க.”

“இல்லை!” என்று கத்தினார் ஆளவந்தார். “இல்லை! ஐயோ, இல்லைங்க! எங்க அப்பா வச்ச மரங்கய்யா! இல்லை!”

வாயை மூடியிருந்தால் சட்டம் நின்றிருக்கும் என்பது அவருக்கு நினைவு வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை. மாடத்தில் அன்றும் கூட்டம் இருந்தது, ‘இல்லை’ சொல்ல அதில் ஓர் ஆள் போதும்.

“ஒரு முறை சொன்னால் போதும்” என்றார் அவைத்தலைவர் கனிவாக. முத்திரை விழுந்தது. தூதர்கள் கைதட்டினார்கள். உணர்ச்சியோடு மறுக்கும் ஆள் கிடைத்துவிட்டார் என்று வித்தகநாதருக்கு நிம்மதி.

ஆளவந்தார் எங்கே போவதென்று தெரியாமல் நடந்தார். அப்படி நடந்து மீன் சந்தைக்கு வந்து சேர்ந்தார். அஞ்சுகம் பலகையில் சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். பவளம் பக்கத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் அவர்கள் முன்னால் நின்று அழுதார்.

“அம்மா, இன்னிக்கு நான் நெஜமாத்தான் வேணாம்னு சொன்னேன்மா.”

“தெரியும்” என்றாள் அஞ்சுகம். “அவங்களுக்கும் தெரியும்.”

அவர் அழுது முடிக்கும்வரை அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தியைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

“அடுத்த சட்டம் யாரு மேலன்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமில்ல?”

“சட்டக் காயிதம் முன்னாடியே வரும், இன்னிக்குத்தான் பிரிச்சுப் பாத்தேன். நாளைக்கு... உப்பளத்துக்காரங்க மேல. அவங்க குடிசையெல்லாம் சிலைக்குப் போற பாதையில வருதாம்.”

“அப்ப நாங்க கடைய எடுத்துவச்சிட்டு வரோம். நீங்க முன்னால போங்க. இப்பவே போயி சொல்லுங்க. எல்லாரும் ஒண்ணா வந்து அந்த மாடத்துல உக்காரட்டும். வாயத் தொறக்காத ஆளாப் பாத்து நெறைக்கணும். நீங்களும் தொறக்கக் கூடாது.”

ஆளவந்தார் மூக்கைச் சிந்தினார். உப்பளம் இருக்கும் திசையை ஒரு முறை பார்த்தார். வெயில் கடுமையாக இருந்தது.

“எனக்கு அவங்களைப் பழக்கமில்லையேம்மா” என்றார்.

பவளம் அதுவரை பேசவில்லை. கழுவிய கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அன்னிக்கு நீங்க எலையப் போடச் சொன்னப்போ எங்க வீட்டுக்காரரையும் உங்களுக்குப் பழக்கமில்லதான்” என்றாள்.